வேலை செய்ததற்கு என்ன சாட்சி?

கர்நாடக வனத்துறையில் தினக்கூலியாக இருந்த ஒருவரின் வழக்கு 2002 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சட்டப் புத்தகங்களில் அது ‘ரேஞ்ச் ஃபாரஸ்ட் ஆபீஸர் எதிர் ஹடிமனி’ என்று வழங்குகிறது. ஓராண்டில் 240 நாளுக்கு மேல் வேலை செய்தேன், இழப்பீடு எதுவும் தராமல் நிறுத்திவிட்டார்கள் என்பது அவருடைய முறையீடு. அத்தனை நாள் அவர் வேலை செய்யவே இல்லை என்றது துறை. தொழிலாளி தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அதைத் துறை பொய்யென்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிற்கவிடவில்லை. 240 நாள் வேலை செய்தேன் என்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், தன் கூற்றுக்குத் தானே சத்தியம் செய்வது போதாது, சம்பளம் வாங்கிய ரசீதோ நியமன ஆணையோ காட்ட வேண்டும் என்றது.

அந்த ரசீதை எழுதுகிறவர் முதலாளி. நியமன ஆணையில் கையெழுத்திடுகிறவரும் அவர்தான். மஸ்டர் ரோல், சம்பளப் பதிவேடு, கேட்டில் வைத்த வருகை நோட்டு எல்லாம் அவருடைய அலமாரியில் இருக்கின்றன. வழக்கின் எதிர்த்தரப்பே சாட்சியத்தின் காவலராகவும் இருக்கும் நிலை வேறு வழக்குகளில் அபூர்வம். வேலை தொடர்பான வழக்குகளில் அது அன்றாட நடப்பு.

நான்கு ஆண்டுகளுக்குள், 2005 நவம்பரில், கர்நாடகத்திலிருந்தே சென்ற இன்னொரு தினக்கூலி வழக்கில் நீதிமன்றம் இந்த நிலையைச் சற்று உற்றுப் பார்த்தது. ‘ஆர்.எம். யெல்லட்டி எதிர் உதவி நிர்வாகப் பொறியாளர்’ என்பது அந்த வழக்கு. நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளிக்குத்தான் என்ற விதி மாறவில்லை. ஆனால் தினக்கூலிக்கு நியமனக் கடிதமும் இராது, நீக்கக் கடிதமும் இராது, கூலி வாங்கியதற்குச் சீட்டும் இராது என்ற உண்மையை நீதிபதிகள் தீர்ப்பிலேயே பதிவு செய்தார்கள். அவரால் செய்யக்கூடியதெல்லாம் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதும், மஸ்டர் ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் கொண்டுவரும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கோருவதும்தான். கேட்டும் கொண்டுவராவிட்டால் நிர்வாகத்துக்கு எதிராக ஊகிக்கலாமா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகள் தீர்மானிக்கும் என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் தொழிலாளியைக் காப்பாற்றியதும் ஒரு காகிதம்தான். அவர் வேலை செய்த காலத்தைக் குறித்து ஓர் அதிகாரி முன்பே கொடுத்திருந்த சான்றிதழ் அது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், முதலாளியிடம் ஆவணம் கேட்க வேண்டும், கேட்டதற்குச் சாட்சி இருக்க வேண்டும் என்பது விளங்கும். கேட்கவே இல்லையென்றால் அவர் மறைத்தார் என்று பிறகு யாரும் ஊகிக்க முடியாது. மேஸ்திரியிடம் வாய்மொழியாகப் பத்துத் தடவை கேட்டதும், எச்.ஆர். மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சியதும் கணக்கில் வராது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, யாருடைய மேற்பார்வையில், மாதம் அல்லது நாளுக்கு எவ்வளவு என்று எழுதி, இன்னின்ன ஆவணங்களின் நகல் வேண்டும் என்று கேட்டு, மின்னஞ்சலாகவோ பெற்றுக்கொண்ட அத்தாட்சி கிடைக்கும்படி தபாலிலோ அனுப்ப வேண்டும். பதில் வராமல் போகலாம். அந்த மௌனத்துக்கும் வழக்கில் மதிப்பு உண்டு.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அவற்றுள் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சம்பளச் சீட்டு தருவதைக் கட்டாயமாக்குகிறது. வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதமாக இருந்த முறையீட்டுக் கெடுவை மூன்று ஆண்டாக நீட்டியிருக்கிறது. அதன் 59ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள், நியாயமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று தொழிலாளி முறையிட்டால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

இது நல்ல பிரிவுதான். ஆனால் இதனுள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. முறையிடுகிறவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்று முதலில் நிலைநாட்டப்பட வேண்டும். ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்று முதலாளி சொல்லிவிட்டால், விவகாரம் சம்பளக் கணக்கிலிருந்து விலகி வேலை உறவுக்குப் போய்விடுகிறது. அங்கே பாரம் மறுபடியும் தொழிலாளியின் தோளில். அதனால்தான் சில முதலாளிகள் கொடுத்தேன் என்று வாதாடுவதைவிட ஆளையே தெரியாது என்று சொல்வதை விரும்புகிறார்கள். பதிவேடு வைக்காததற்கு இந்தத் தொகுப்பு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய். ஓராண்டுக் கூலிப் பாக்கி இருக்கும் முதலாளி ஒருவருக்குப் பதிவேட்டைக் காட்டுவது லாபமா, இல்லை என்று சொல்லி அபராதம் கட்டுவது லாபமா என்று பார்த்தால் விடை கசப்பானது. பதிவேடு இல்லாத இடத்தில் தொழிலாளி சொல்லும் நாள்களையும் தொகையையும் உண்மை என்று கொண்டு, அதை மறுக்கும் பொறுப்பை முதலாளியிடம் விட்டிருக்க வேண்டும். சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. இதை ஒரு பெரிய குறையாகவே நான் கருதுகிறேன்.

பட்டியலில் பெயர் இல்லாமல் போவது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதைப் பெங்களூரு தன் தெருக்களிலேயே பார்த்திருக்கிறது. நகரத்தைப் பெருக்கும் பௌரகார்மிகர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் பேசுகிறவர்கள். பல ஆண்டுகள் அவர்கள் கான்ட்ராக்டர்களின் கீழ் இருந்தார்கள். துடைப்பம் பிடித்தது மாநகராட்சியின் தெருவில், சம்பளம் வந்தது கான்ட்ராக்டர் கையிலிருந்து, பி.எஃப். பிடித்தார்களா, பிடித்ததைக் கட்டினார்களா என்பது அவருக்கே வெளிச்சம். கான்ட்ராக்டர் முறையை விட்டு, 2018 வாக்கில் மாநகராட்சியே வங்கிக் கணக்கில் நேராகச் சம்பளம் போடும் ஏற்பாடு வந்தது. அதை ஒட்டி விரல்ரேகை வருகைப் பதிவும் வந்தபோது, காகிதத்தில் மட்டுமே வாழ்ந்த பெயர்கள் பெருவாரியாக வெளிப்பட்டன. இல்லாத ஆளுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. இருக்கிற ஆள்களில் சிலர் புதிய பட்டியலில் ஏறவில்லை. தினமும் பெருக்கினார்கள், மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அப்படிப் பல மாதம் சம்பளம் இல்லாமல் தவித்த ஒரு தொழிலாளி 2018 ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். அவர் வேலை செய்ததற்கு அந்த வட்டாரமே சாட்சி. பட்டியலோ மௌனமாக இருந்தது.

பௌரகார்மிகர்களின் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஜூலை முதல் வாரத்தில் நகரமே நாறும்படி வேலைநிறுத்தம் நடந்தது. 2025 மே 1 அன்று முதலமைச்சர் சித்தராமையா 12,692 பேருக்கு நிரந்தர நியமன ஆணைகளை வழங்கினார். பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு கையில் வந்த முதல் காகிதம். அரசு அமைப்பு ஒன்றின் வாசலில் வேலை செய்தவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

கணினியில் பதிவு இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கோலார் மாவட்டம் நரசாபுராவை நினைத்துப் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அதிகாலையில் தொழிலாளர்கள் கண்ணாடிகளை உடைத்தார்கள். நாடே வன்முறையைப் பற்றிப் பேசியது. பின்னர் மாநிலத் தொழிற்சாலைகள் துறை நடத்திய முதற்கட்ட ஆய்வு வேறு கதையைச் சொன்னது. 5,000 பேருக்கு இருந்த ஆலையில் குறுகிய காலத்தில் 10,500 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அக்டோபரில் எட்டு மணி ஷிப்ட் பன்னிரண்டு மணியானது. மின்னணு வருகைப் பதிவு சரியாக வேலை செய்யவில்லை, சரிசெய்யப்படவும் இல்லை. வந்த நாளுக்கு வராததாகப் பதிவாக, சம்பளம் குறைந்தது. சிலருக்குச் சரியாகவோ உரிய நேரத்திலோ சம்பளம் போகவில்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இயந்திரத்தின் பதிவைத் தொழிலாளி அன்றன்றைக்கே பார்க்கவும் ஆட்சேபிக்கவும் முடிந்திருந்தால் நிலைமை அந்த இடத்துக்கு வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வேறு விதமான இக்கட்டு. அவர்களிடம் ஆஃபர் லெட்டர் இருக்கும், மின்னஞ்சலில் பே ஸ்லிப் இருக்கும். தடுக்கப்படுவது ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும். நோட்டீஸ் காலத்துக்குப் பணம் கட்டு, பாண்ட் தொகையைக் கட்டு, அதுவரை கடிதம் இல்லை என்பார்கள். கோபமிருந்தால் ‘அப்ஸ்காண்டிங்’ என்று பதிவு செய்துவிடுவார்கள். அடுத்த நிறுவனத்தின் பின்புல விசாரணையில் அந்த ஒரு சொல் வேலையைப் பறித்துவிடும். போலி அனுபவச் சான்றிதழ் வியாபாரம் பெருகிய நகரம் இது. அதனால் விசாரணை கடுமையாகிறது. கடுமையாக ஆக, உண்மையாகவே உழைத்துக் கடிதம் கிடைக்காதவர்தான் அதிகம் அடிபடுகிறார்.

வேலையை விட்டுப் போகிறவருக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தோடு இணைந்த மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளி பணியிலிருந்து நீங்கும்போது சேவைச் சான்றிதழ் பெற உரியவர் என்று தெளிவாகச் சொல்லின. பெங்களூரின் பெருந்தொழிலாகிய தகவல் தொழில்நுட்பத் துறைக்குத்தான் கர்நாடக அரசு 2014இல் அந்தச் சட்டத்திலிருந்து ஐந்தாண்டு விலக்கு கொடுத்தது. பிறகு நீட்டித்துக்கொண்டே வந்தது. 2017இல் உருவான கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம் இந்த விலக்கை எதிர்த்து வந்திருக்கிறது. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ நிலையாணைகளை 300 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. இருபது முப்பது பேரை வைத்து நடக்கும் ஸ்டார்ட்அப்பில் வேலை பார்த்த பெண்ணுக்கு இந்த வழியில் பிடிமானம் இல்லை.

அவருக்கு வேறொரு பிடிமானம் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் நியமன ஆணை கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ‘கியூ’ படிவம் என்று அதற்குப் பெயர். ஆணை கொடுக்கப்படவில்லை என்பதையே புகாராக எழுதி, பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் கார்மிக பவனில் தொழிலாளர் துறையிடம் கொடுக்கலாம். ரிலீவிங் லெட்டர் வேண்டும் என்ற புகாருக்கு அதிகாரி என்ன செய்வது என்று யோசிக்கலாம். சட்டத்தில் உள்ள படிவம் தரப்படவில்லை என்ற புகாரை அப்படி ஒதுக்குவது கடினம்.

எனினும், ஒத்துழைக்காத முதலாளியை வழிக்குக் கொண்டுவருவதில் மட்டும் காலத்தைச் செலவிடக் கூடாது என்பதே நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. சம்பளம் என்பது முதலாளி கையிலிருந்து தொழிலாளி கைக்கு மட்டும் போகும் பொருளாக இன்று இல்லை. போகிற வழியில் அது அரசின் பல அலுவலகங்களைத் தொட்டுச் செல்கிறது. தொட்ட இடத்திலெல்லாம் ஒரு பதிவு விழுகிறது. அந்தப் பதிவை முதலாளி அழிக்க முடியாது.

வருங்கால வைப்புநிதியே அவற்றுள் முதன்மையானது. 2014இல் யூ.ஏ.என். எண் வந்த பிறகு, எந்த நிறுவனம், எந்த மாதம், எவ்வளவு சம்பளத்தின் பேரில் பணம் கட்டியது என்பது தொழிலாளியின் பாஸ்புக்கில் தெரிகிறது. விலகிய தேதியை முதலாளி பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதியலாம். 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. கையெழுத்துக்காகப் பழைய கம்பெனி வாசலில் காத்துக் கிடந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்கும் தெரியும். பி.எஃப். பணத்தில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாதபடி மத்திய அரசு விதியை மாற்றியபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் இறங்கிய பெரும் கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் அறிவிக்கையை அரசு திரும்பப் பெற்றது. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும் தையல் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு சேமிப்பாக இருந்தது. தான் உழைத்த ஆண்டுகளை எழுதி வைத்திருக்கும் ஒரே ஏடாகவும் அது இருந்தது என்பது என் கணிப்பு.

பாஸ்புக்கில் பதிவே இல்லாவிட்டாலும் வழி அடைபடவில்லை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். கட்டவில்லை என்று புகார் வந்தால், வைப்புநிதி அலுவலகம் விசாரணை நடத்தலாம். ஆவணங்களை வரவழைக்கவும் சாட்சிகளை அழைக்கவும் அதற்கு நீதிமன்றத்துக்கு உள்ளதைப் போன்ற அதிகாரம் இருக்கிறது. தொழிலாளி தனியாக நின்று கேட்டால் கிடைக்காத சம்பளப் பதிவேடு அந்த அதிகாரி கேட்டால் மேஜைக்கு வந்தாக வேண்டும். இந்திய உணவுக் கழகம் தொடர்பான ஒரு வழக்கில், வைப்புநிதி கமிஷனர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்திச் சான்றுகளைத் திரட்ட வேண்டும், சும்மா இருந்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. பதிவும் இப்படியே உதவும். ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் எப்போதோ காய்ச்சலுக்குக் காட்டிய சீட்டுகூட, அன்றைக்கு இன்ன நிறுவனத்தின் பேரில் காப்பீடு இருந்தது என்று காட்டும். வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 26ஏஎஸ் படிவம் இருக்கிறது. ஃபார்ம் 16 தராமல் முதலாளி முரண்டு பிடித்தாலும், அவர் வரித்துறைக்குக் கட்டியது அதில் நிறுவனத்தின் பெயரோடு வந்துவிடும். பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டிருந்தால், அந்த அளவுக்கு வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது சட்டம். அதற்குப் பே ஸ்லிப்பும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். நிறுவனமே கவிழ்ந்துவிட்டாலும் அவைதான் துணை. பெங்களூரின் பைஜூஸ் நிறுவனத்தை 2024 ஜூலை 16 அன்று தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடைமுறைக்குள் கொண்டுவந்தது. இத்தகைய நடைமுறையில் சம்பளப் பாக்கி உள்ள ஊழியர் தன் கோரிக்கையை ஆதாரத்தோடு தாக்கல் செய்தாக வேண்டும். கம்பெனி மின்னஞ்சல் மூடப்படும் நாள் முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு மாதமும் பே ஸ்லிப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைப்பது அதனால் நல்லது.

இவை எதுவும் இல்லாதவர்களைப் பற்றிப் பேச வேண்டும். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பெங்களூரு வந்து கட்டட வேலை செய்கிறவருக்கு யூ.ஏ.என். இருப்பது அரிது. மேஸ்திரி ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வருகிறார். வாரச் செலவுக்குக் கொஞ்சம் தருகிறார், கணக்கு ஊருக்குப் போகும்போது என்கிறார். பணம் போன்பேயில் வந்தால் அனுப்பியவர் பெயர் மேஸ்திரியுடையது, கட்டுமான நிறுவனத்துடையது இல்லை. சண்டை வந்தால் நிறுவனம் கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி போனை எடுக்க மாட்டார். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகள் வேலையில் சேர்ந்த மூன்று நாளுக்குள் வேலை அட்டை, விலகும்போது சேவைச் சான்றிதழ் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தன. எத்தனை பேர் கண்ணில் அவை பட்டிருக்கும்? புதிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் கான்ட்ராக்டர் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆகவே இங்கே நிரூபிக்க வேண்டியது இன்ன சைட்டில் வேலை செய்தேன் என்பதை. கட்டட வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை தெரியும்படி எடுத்த படம், பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒட்டிய ஸ்டிக்கரோடு தலைக்கவசம், கேட் பாஸ், மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு, கூடவே தங்கிய நான்கு பேரின் சாட்சி, தன் கையால் தினமும் எழுதிய ஹாஜரி நோட்டு. தனித்தனியே இவை சிறியவை. ஹடிமனி தீர்ப்பு கேட்பது தன் சொல்லுக்கு வெளியே ஒரு துணை. இவை ஒன்றையொன்று தாங்கி நின்றால் அந்தத் துணையாகும். போனிலிருந்து அச்செடுத்துக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். பழைய போனை விற்றுவிடாமல் வைத்திருப்பது அதைவிட முக்கியம். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய 90 நாள் வேலைச் சான்று வேண்டும். அதை முதலாளி தராவிட்டால் பதிவு பெற்ற தொழிற்சங்கம் தரலாம். பதிவு செய்துகொண்டால் பிற்பாடு அதுவும் ஒரு சான்று. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். எச். சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. கன்னடத்தில் மனு எழுதத் தெரியாத தமிழ்த் தொழிலாளி, தெரியாது என்பதற்காகவே ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதில்லை.

எல்லாருக்கும் கடைசியில் நிற்பவர்கள் வீட்டு வேலை செய்யும் பெண்கள். கர்நாடகம் 2004இலேயே அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்துவிட்டது. ஆனால் ஊதியச் சட்டத் தொகுப்பின் 50ஆவது பிரிவு, ஐந்து பேருக்கு மேற்படாமல் வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி பதிவேடும் சம்பளச் சீட்டும் வைக்க வேண்டியதில்லை என்று விலக்கியிருக்கிறது. ஆய்வாளர் கேட்டால் சம்பளம் கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்டினால் போதும். பெங்களூரின் அடுக்ககங்களிலோ அந்தப் பெண்களின் ஒவ்வொரு நாளும் துல்லியமாகப் பதிவாகிறது. கேட்டில் காவலாளி எண்ணைத் தட்டியதும், அவர் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் வீட்டுக்காரரின் கைபேசிக்குப் போய்ச் சேர்கின்றன. எந்தெந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறார் என்பதும் செயலியில் இருக்கிறது. நாள், நேரம், வீட்டு எண்ணோடு கூடிய முழு வருகைப் பதிவேடு அது. யாருடைய உழைப்பின் பதிவோ அவருக்கு மட்டும் அது காட்டப்படுவதில்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காக மாநில அரசு 2025இல் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டிருக்கிறது. கேட்டில் விழும் பதிவின் நகல் அதே நொடியில் அந்தப் பெண்ணின் கைபேசிக்கும் போக வேண்டும் என்று அதில் ஒரு பிரிவைச் சேர்ப்பதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.